பரிணாமமும் வகைப்பாடும் பினாங்கில் கற்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பரிணாமம், இயற்கைத் தேர்வு, உயிரின வகைப்பாடு ஆகியவற்றைப் பள்ளி முடித்துப் பல வருடம் கழித்துக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள், எங்கே தொடங்குவது என்பதிலேயே தடுமாறிப் போகிறார்கள். பிள்ளையின் படிவம் ஐந்து உயிரியல் புத்தகம் மலாயில் இருக்கிறது. காணொளிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் தேடினால் தமிழ்நாட்டுப் பாடநூல் இலவசமாகக் கிடைக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமத்துக்குத் தனிப் பாடமே உண்டு. மூன்றையும் மாறி மாறிப் புரட்டியதில் எனக்குத் தலைதான் சுற்றியது. கடைசியில் கைகொடுத்தவை சந்தையும், தாவரவியல் பூங்கா இருக்கும் தண்ணீர்மலையும், மலை ரயில் ஏறும் கொடிமலையும்தான். நீங்கள் அந்தச் சுற்றெல்லாம் சுற்ற வேண்டாம் என்பதற்காக, எந்த வரிசையில் போனால் விளங்கும், எவ்வளவு செலவாகும், எங்கே வழுக்கும் என்று எழுதி வைக்கிறேன். டார்வின், வாலஸ் கதையெல்லாம் இதில் கிடையாது. அது வேறு எங்கும் கிடைக்கும்.

வரிசை இதுதான்: முதலில் உயிர்களைப் பிரித்து அடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், ஏன் இப்படி அடுக்க முடிகிறது என்று கேளுங்கள். பெரும்பாலான புத்தகங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. அதனால்தான் பரிணாமம் என்றதும் ஏதோ தத்துவ விவாதம் போலத் தோன்றிவிடுகிறது.

முன்கூட்டியே வாங்க வேண்டியவை

ஒரு தடித்த நோட்டுப் புத்தகம், பென்சில், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, கைப்பேசி. இவ்வளவு போதும். கைலென்ஸ் இணையக் கடைகளில் 20, 30 வெள்ளிக்குள் வரும். அறுபது மடங்கு, நூறு மடங்கு என்று விளம்பரம் போடும் மலிவு லென்ஸ்களை வாங்காதீர்கள். அவற்றில் பிம்பம் கலங்கித்தான் தெரியும். மைக்ராஸ்கோப், தடித்த வண்ணப்படப் புத்தகம், வலை இவற்றுக்கு இப்போது காசு போட வேண்டாம்.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் மூன்று பத்தி கோடு போடுங்கள்: தமிழ், மலாய், ஆங்கிலம். சிற்றினம், பேரினம், இயற்கைத் தேர்வு, தகவமைப்பு என்று ஒவ்வொரு சொல்லும் எதிர்ப்படும்போதே மூன்றிலும் எழுதிவிடுங்கள். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் இந்தப் பக்கங்கள்தான் உங்களைக் காப்பாற்றும், ஏனென்றால் தேர்வுத்தாள் தமிழில் வராது.

1. சந்தையில் தொடங்குங்கள்

ஆயர் ஈத்தாம் சந்தையோ சௌராஸ்தாவோ, வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே ஒரு காலையில் போங்கள். வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய், கோஸ், காலிபிளவர், கைலான், பாக்சோய் இவற்றில் கொஞ்சம் கொஞ்சம் வாங்குங்கள். எப்படியும் சமைக்கப் போகிறீர்கள், தனிச் செலவு என்று ஒன்றும் இல்லை. சீசன் என்றால் டுரியான் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலேக் பூலாவ் டுரியான் ஜூன், ஜூலை வாக்கில் நன்றாகக் கிடைக்கும்.

வீட்டு மேசையில் பரப்பிவிட்டு, உங்களுக்குச் சரி என்று படுகிற மாதிரி பிரித்து வையுங்கள். எல்லாரும் முதலில் கீரை, காய், பழம் என்று சமையலறைக் கணக்கில்தான் பிரிப்போம். அந்தப் பிரிவை நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்து உடலமைப்பைப் பார்த்துப் பிரியுங்கள்.

கத்தரிக்காயின் காம்பில் பச்சைத் தொப்பி இருக்கிறதல்லவா, அது பூவின் புல்லி வட்டம். பூ உதிர்ந்த பிறகும் காயோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தக்காளியிலும் மிளகாயிலும் அதே தொப்பியைத் தேடுங்கள். மூன்றும் ஒரே குடும்பம். உருளைக்கிழங்கும் அதே குடும்பந்தான், ஆனால் அதன் பூவைச் சந்தையில் பார்க்க முடியாது. நிலத்தடியில் விளைகிறது என்பதற்காக அதை மரவள்ளியோடு சேர்த்துவிடக் கூடாது.

வெண்டையைக் குறுக்கே வெட்டினால் பொதுவாக ஐந்து அறை தெரியும். டுரியானைப் பிளந்தாலும் பொதுவாக ஐந்து அறைதான். வாசலில் செம்பருத்தி பூத்திருந்தால் ஒரு பூவைப் பறித்து வந்து கைலென்ஸில் பாருங்கள்: மகரந்தத் தாள்கள் ஒரு குழாயாகச் சேர்ந்து, நடுவிலுள்ள சூல்தண்டைச் சுற்றி நிற்கும். வெண்டைப் பூவிலும் அப்படியே இருக்கும். வெண்டை, செம்பருத்தி, பருத்தி, டுரியான் நான்கும் இன்றைய வகைப்பாட்டில் மால்வேசி என்ற ஒரே குடும்பத்தில் இருக்கின்றன. நாட்டின் தேசிய மலரும், மூக்கைத் துளைக்கும் பழமும், சாம்பார் வெண்டையும் உறவுக்காரர்கள்!

இங்கே ஒரு பொறி. பழைய புத்தகங்களில் டுரியான் பொம்பகேசி என்ற வேறு குடும்பத்தில் இருக்கும். பழையது பொய், புதியது உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி வந்த பிறகு, தனிக் குடும்பம் என்று நினைத்தது மால்வேசியின் உள்ளேயே அடங்கும் என்று தெரிந்தது. வகைப்பாடு இப்படித்தான் திருத்தப்பட்டுக்கொண்டே போகும். நீங்கள் பார்க்கும் புத்தகம் எந்த ஆண்டுப் பதிப்பு என்பதை நோட்டில் குறித்து வையுங்கள்.

கடைசியாகக் கோஸ், காலிபிளவர், கைலான். சமையலறையில் இவை மூன்று தனித்தனிக் காய்கறிகள். உயிரியலில் மூன்றும் ஒரே சிற்றினம், அதாவது ஒரே வகை உயிர்: பிராசிக்கா ஒலரேசியா. புரோக்கோலியும் அதுவே. தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் ஒரு பக்கம் இலை அடர்ந்த செடிகளின் விதையை மட்டும் எடுத்து வைத்தார்கள், இன்னொரு பக்கம் பூக்கொத்து பருத்ததை, வேறொரு பக்கம் தண்டும் இலையும் இளசாக இருந்ததை. பாக்சோய் அதே பேரினத்தை, அதாவது நெருங்கிய சிற்றினங்களின் அதே கூட்டத்தைச் சேர்ந்த வேறொரு சிற்றினம். இந்த ஒரு கூடைக் காய்கறியை மறக்காதீர்கள், ஏழாம் படியில் திரும்ப வேண்டியிருக்கும்.

2. அடுக்குகளை ஒரு விலங்கை வைத்துப் படியுங்கள்

உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். இதை வெறும் மனப்பாடமாகப் போட்டால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். தண்ணீர்மலையில் பையைப் பிடுங்கும் கெரா குரங்கை எடுத்துக்கொள்ளுங்கள்: விலங்குலகம், முதுகுநாணிகள், பாலூட்டிகள், பிரைமேட்டுகள், செர்கோபித்திசிடே, மக்காக்கா, மக்காக்கா ஃபாசிக்குலாரிஸ். பக்கத்திலேயே உங்களுக்கும் எழுதுங்கள்: விலங்குலகம், முதுகுநாணிகள், பாலூட்டிகள், பிரைமேட்டுகள், ஹோமினிடே, ஹோமோ, ஹோமோ சேப்பியன்ஸ். எந்த வரியில் இரண்டு பட்டியலும் பிரிகின்றன என்று பாருங்கள். வரிசை வரைக்கும் ஒன்றாக வந்து, குடும்பத்தில் பிரிகின்றன. இந்த அடுக்குகளின் பயன் அவ்வளவுதான். எவ்வளவு கீழே வரை ஒன்றாக வருகின்றனவோ, உறவு அவ்வளவு நெருக்கம்.

வேறு வேறு விலங்குத் தொகுதிகளுக்கு இடையே அடுக்குகளை ஒப்பிட வேண்டாம். ஒரு வண்டுக் குடும்பத்தில் பல்லாயிரம் சிற்றினம் இருக்கலாம், ஒரு பாலூட்டிக் குடும்பத்தில் ஒன்றிரண்டே இருக்கலாம். குடும்பம், வரிசை என்ற கோடுகளை நாம்தான் போட்டோம், இயற்கை போடவில்லை.

உலகங்கள் எத்தனை என்பதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு புத்தகம் ஐந்து என்கிறது, இன்னொன்று ஆறு, மூன்றாவது அதற்கும் மேலே மூன்று பெரும்பிரிவு என்கிறது. தேர்வுக்குப் படிப்பவர் தம் பாடத்திட்டம் சொல்வதை எழுதட்டும். புரிந்துகொள்ளப் படிப்பவர் மூன்று பெரும்பிரிவை எடுத்துக்கொள்ளலாம்: பாக்டீரியா, பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் ஆர்க்கியா, செல்லுக்குள் உட்கரு உள்ள கருவுயிரிகள். காளானும் கெராவும் கைலானும் மூன்றாவதற்குள் அடக்கம். காளான் செடியைவிட விலங்குக்கு நெருங்கிய உறவு என்பதைக் கேட்டதும் யாரும் நம்புவதில்லை, ஆனால் அது உண்மை.

தொல்காப்பியத்திலேயே உயிர் வகைப்பாடு இருக்கிறதே என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். இருக்கிறது, புல்லும் மரமும் ஓரறிவு என்று தொடங்கி ஆறறிவு வரை போகிறது. அது அறிவை, அதாவது புலன்களை அடிப்படையாக வைத்த வகைப்பாடு. உயிரியல் இன்று வைக்கும் அடிப்படை வம்சாவளி. எந்த அடிப்படையில் பிரிக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டால் சண்டைக்கே இடமில்லை.

3. அறிவியல் பெயர் எழுதும் முறை

சின்ன விஷயம், ஆனால் தேர்வில் மதிப்பெண் போகும் இடம். பெயரில் இரண்டு சொல். முதல் சொல் பேரினம். ரோமன் எழுத்தில் எழுதும்போது அதன் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. இரண்டாவது சொல் முழுக்கச் சிறிய எழுத்து, ஊர்ப் பெயரிலிருந்து வந்திருந்தாலும்கூட. அச்சில் சாய்வெழுத்து. கையால் எழுதினால் அடிக்கோடு, அதுவும் இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாக. சேர்த்து ஒரே கோடாக இழுப்பதுதான் பிள்ளைகள் அதிகம் செய்வது.

4. தண்ணீர்மலைப் பூங்காவில் ஒரு காலை

பினாங்கு தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கொம்தாரிலிருந்து 10-ஆம் எண் ரேப்பிட் பினாங்கு பேருந்து போகும். அடிக்கடி வராது என்பதால் நேரம் பார்த்துக் கிளம்புங்கள். விடிந்த கையோடு போனால் வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை, குரங்குகளும் சுறுசுறுப்பாக இருக்கும். தைப்பூச வாரத்தில் மட்டும் இந்தப் பக்கம் பாடம் படிக்க வராதீர்கள். ஜாலான் கெபுன் பூங்கா முழுக்க அடைத்துக் கிடக்கும்.

நெகிழிப் பையைக் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். கெராவுக்கு அது சாப்பாட்டுப் பொட்டலம். குரங்குக்குத் தீனி போடவும் கூடாது. அறிவிப்புப் பலகையே இருக்கிறது.

இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை, இரண்டு குரங்குகளை ஒப்பிடுவது. ஒன்று கெரா. இன்னொன்று லோத்தோங், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கரும்சாம்பல் குரங்கு. கெரா கன்னத்துக்குள் பை வைத்திருக்கும், கிடைத்ததையெல்லாம் அதற்குள் அடைத்துக்கொண்டு ஓடும். லோத்தோங்குக்குக் கன்னப்பை கிடையாது. அதன் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்து, இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கிறது. கைக்குட்டியோடு ஒரு லோத்தோங்கைப் பார்த்தால் நின்று பாருங்கள்: குட்டி பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இரண்டும் ஒரே குடும்பத்தின் இரண்டு துணைக்குடும்பங்கள். ஒற்றுமைகளை ஒரு பத்தியிலும் வேற்றுமைகளை ஒரு பத்தியிலும் எழுதுங்கள். ஒவ்வொரு வேற்றுமைக்கும் பக்கத்தில் ‘பார்த்தது’ அல்லது ‘படித்தது’ என்று குறியுங்கள். இரைப்பையை நீங்கள் பார்க்கவில்லை, கன்னத்தைப் பார்த்தீர்கள். இந்தப் பழக்கம் பின்னால் பெரிதாக உதவும்.

இரண்டாவது, நாகலிங்க மரம். சிவன் கோயில்களில் பார்த்துப் பழகிய மரம் என்பதால் நம் ஊர் மரம் என்று நினைப்போம். அதன் தாயகம் தென் அமெரிக்கா. பிரேசில் கொட்டை மரத்தின் குடும்பம். ஒரு மரம் எங்கே நிற்கிறது என்பது வேறு, அதன் வம்சம் எங்கே கிளைத்தது என்பது வேறு. பூங்காவில் நிற்பதை வைத்து மலேசிய இயற்கையைப் பற்றி முடிவு கட்டாதீர்கள். பெயர்ப்பலகை இருந்தால் குடும்பப் பெயரையும் தாயகத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

மூன்றாவது, பத்து இலைகளைப் பார்த்து நீங்களே ஒரு திறவுகோல், அதாவது இலையை அடையாளம் காட்டும் கேள்வி வரிசை, செய்யுங்கள். கீழே விழுந்த இலைகள் போதும், பறிக்க வேண்டாம். ‘இலை தனி இலையா, கூட்டிலையா?’ என்று முதல் கேள்வி. அதன் விடைக்கு ஏற்ப அடுத்த கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே விடை இருக்க வேண்டும். ‘பெரியதா, சிறியதா’ என்று கேட்கக் கூடாது. உங்களுக்குப் பெரியது இன்னொருவருக்குச் சிறியது. எழுதி முடித்ததும் கூட வந்தவரிடம் கொடுத்து, உங்கள் உதவி இல்லாமல் ஓர் இலையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எந்தக் கேள்வியில் அவர் நிற்கிறாரோ அதுதான் திருத்த வேண்டிய கேள்வி.

5. பார்த்ததைப் பதிவு செய்யுங்கள்

ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலியில் இலவசமாகக் கணக்குத் திறக்கலாம். 13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு அதே குழுவின் சீக் செயலி நல்லது, கணக்கே தேவையில்லை. படம், தேதி, இடம் மூன்றும் வேண்டும். செயலி ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். உலகத்தில் எங்கிருந்தோ யாராவது வந்து சரிபார்ப்பார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒரே சிற்றினப் பெயரில் ஒத்துப்போனால் பதிவு ஆய்வுத் தரம் பெறும்.

செயலி சொன்ன சிற்றினப் பெயரை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் புதியவர்களின் வழக்கம். உங்களுக்கு உறுதியாகத் தெரிவது குடும்பம் வரைதான் என்றால் குடும்பத்தோடு நிறுத்துங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சரிபார்ப்பவர்களுக்கும் அதுதான் வசதி. பூங்காவில் நட்டு வளர்த்த மரத்தைப் பதிந்தால் ‘வளர்க்கப்பட்டது’ என்று குறிக்க மறக்காதீர்கள். குறிக்காமல் விட்டால் நாகலிங்கம் பினாங்குக் காட்டில் தானாக முளைத்தது போல ஆகிவிடும். அரிய ஆர்க்கிட், பாடும் பறவைகளின் கூடு போன்றவற்றின் சரியான இடத்தை மறைத்து வையுங்கள். திருடர்களும் இணையத்தைப் பார்க்கிறார்கள்.

படம் எடுக்கும்போது செடியென்றால் மூன்று படம்: முழுச் செடி, இலை தண்டோடு சேரும் இடம், பூ அல்லது காய். வெறும் இலை நுனியின் அழகான படத்தை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

6. கொடிமலை: ஒன்றுபோல் இருப்பதெல்லாம் உறவல்ல

இந்தப் படிக்குக் கொஞ்சம் காசு ஆகும். 204-ஆம் எண் பேருந்து கொடிமலை அடிவார நிலையத்துக்குப் போகும். மலை ரயிலில் குடிமக்களுக்கும் வெளிநாட்டவர்க்கும் கட்டண வித்தியாசம் பெரிது. உள்நாட்டு விலை வேண்டுமென்றால் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு மைகிட். கிளம்பும் முன் அன்றைய விலையை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசியிலும் பள்ளி விடுமுறையிலும் வரிசை நீளம். வார நாளில் முதல் ரயில்களில் ஏறுவது உத்தமம். மேலே ஹேபிட்டாட் காட்டுப்பாதைக்குத் தனிக் கட்டணம், ரயில் டிக்கெட்டில் அது சேராது. செலவே வேண்டாம் என்பவர்கள் தாவரவியல் பூங்காவிலிருந்து ஏறும் ஜீப் சாலையில் சுமார் 5 கிலோமீட்டர் நடக்கலாம், செங்குத்து அதிகம், தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள்.

மலையில் தேட வேண்டியவை மூன்று சறுக்கு வீரர்கள்: கூபோங் என்ற பாலூட்டி, பறக்கும் அணில், பறக்கும் ஓணான். மூன்றும் மரத்திலிருந்து மரத்துக்குக் காற்றில் சறுக்கிப் போகின்றன. மூன்றையும் ஒரே இனம் என்று எழுதத் தோன்றும். இப்போது சறுக்க உதவும் தோல் சவ்வு ஒவ்வொன்றிலும் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். ஓணானுக்கு நீண்ட விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிந்து தோலைத் தாங்குகின்றன. அணிலுக்கு முன்கால் பின்கால் இடையே தோல், வால் தனியாக நிற்கிறது. கூபோங்குக்குக் கழுத்தில் தொடங்கி விரல் நுனிகள் வரை, அங்கிருந்து வால் நுனி வரை முழுக்கச் சவ்வு. வேலை ஒன்றுதான், கட்டுமானம் மூன்று விதம். மூன்று வம்சங்களிலும் சறுக்கும் திறன் தனித்தனியாகத் தோன்றியது. இவற்றைச் செயல் ஒத்த உறுப்புகள் என்பார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உங்கள் கை, வௌவாலின் இறக்கை, கூபோங்கின் சவ்வு தாங்கும் முன்கால் இவற்றின் எலும்பு வரிசை ஒன்றே: மேலே ஓர் எலும்பு, கீழே இரண்டு, அப்புறம் மணிக்கட்டுச் சிற்றெலும்புகள், விரல்கள். வேலை வேறு, கட்டுமானம் ஒன்று. இவை அமைப்பு ஒத்த உறுப்புகள். வகைப்பாட்டுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

கூபோங்கைப் பலர் பறக்கும் லெமூர் என்று எழுதுகிறார்கள். அது பறப்பதும் இல்லை, லெமூரும் இல்லை. பிரைமேட்டுகளுக்கு, அதாவது கெராவுக்கும் நமக்கும், இன்று உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய உறவுக் கூட்டம் அதுதான். இரவில் நடமாடும் பிராணி. பகலில் மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வழிகாட்டியோடு மாலை நடை போனால்தான் பார்க்க வாய்ப்பு அதிகம். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், அணிலும் ஓணானும் போதும். பகலில் பொறுமையாக மரத்தண்டுகளைப் பார்த்தால் ஓணான் தாடையின் கீழுள்ள கொடித்தோலை விரித்துக் காட்டும்.

மலையில் குடுவைச் செடிகளும் உண்டு. நெப்பந்திஸ் அல்போமார்ஜினாட்டா என்பதன் குடுவை விளிம்புக்குக் கீழே வெள்ளைப் பட்டை ஒன்று இருக்கும். அது கறையான்களுக்குத் தீனி. கூட்டமாக மேய வந்து குடுவைக்குள் விழுகின்றன. இதைத் தகவமைப்புக்கு உதாரணமாக நோட்டில் எழுதுங்கள், செடியைத் தொடாமல்.

7. நான்கு கேள்விகளால் இயற்கைத் தேர்வைச் சோதியுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடு எலும்பு. அவசரப்படாதீர்கள். எந்த மாற்றத்தைப் பார்த்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். ஒரே இனத்துக்குள் ஒன்றுக்கொன்று மாறுபாடு இருக்கிறதா? அந்த மாறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறதா? பிழைக்கக்கூடியதைவிட அதிகமாகப் பிறக்கின்றனவா? அந்த மாறுபாட்டால், யார் அதிகமாகச் சந்ததி விட்டுப் போகிறார்கள் என்பது மாறுகிறதா? நான்குக்கும் ஆம் என்றால் இயற்கைத் தேர்வு நடந்தே தீரும். ஒன்றில் இல்லை என்றாலும் வேறு காரணம் தேடுங்கள்.

அடுக்குமாடியில் புகையடிக்க வந்த நாளை எடுத்துக்கொள்வோம். ஏடிஸ் ஈஜிப்டி கொசு ஒரு தடவையில் நூறு முட்டை அளவுக்கு இடும். நம் வெப்பத்தில் முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். எல்லாக் கொசுக்களும் ஒன்றல்ல. சிலவற்றின் நரம்புகளில் மருந்து பிடிக்கும் இடத்திலுள்ள மரபணு கொஞ்சம் மாறியிருக்கிறது. அவை மருந்து தெளிப்பதற்கு முன்பே அப்படி இருந்தவை. மருந்து அடித்ததும் மற்றவை சாகின்றன, இவற்றில் பல தப்பிக்கின்றன. அடுத்த தலைமுறை இவற்றின் பிள்ளைகள். அவற்றுக்கும் அந்த மரபணு போகிறது. இன்னொரு தடவை அடித்தால் பங்கு இன்னும் கூடுகிறது. மலேசியாவில் ஏடிஸ் கொசுக்களிடம் மருந்து எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது. நான்கு கேள்விக்கும் ஆம்.

இப்போது கோஸ், கைலான் கூடைக்குத் திரும்புங்கள். அங்கே நான்காவது கேள்விக்கு விடை சொன்னது விவசாயியின் கை. கொசு விஷயத்தில் தேர்ந்தெடுக்க யாரும் உட்காரவில்லை, கொசுவை மருந்துக்குத் தாங்கவைக்க வேண்டும் என்று நினைத்து யாரும் புகையடிக்கவும் இல்லை. இருந்தும் அதே விளைவு வருகிறது. செயற்கைத் தேர்வுக்கும் இயற்கைத் தேர்வுக்கும் வேறுபாடு அவ்வளவே.

அடுத்து, விடை ‘இல்லை’ என்று வரும் உதாரணங்களையும் செய்து பாருங்கள், இல்லாவிட்டால் எதைப் பார்த்தாலும் இயற்கைத் தேர்வு என்று சொல்லும் வியாதி வந்துவிடும். மாநகராட்சி சாலையோர மரங்களை ஒரு பக்கம் வெட்டிவிடுகிறது. அந்த மரத்தின் விதையிலிருந்து ஒருபக்கக் கிளை மரம் முளைக்காது. இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிட்டது. இன்னொன்று, கருஞ்சிறுத்தை. தீபகற்ப மலேசியக் காடுகளில் சிறுத்தைகள் ஏறத்தாழ எல்லாமே கருப்பு. கருமை ஒடுங்குபண்பு மரபணுவால் வருகிறது, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும். இருண்ட காட்டில் மறைந்து வேட்டையாட உதவியதால் பரவியதா, முன்னொரு காலத்தில் எண்ணிக்கை குறைந்தபோது தற்செயலாக நிலைத்துவிட்டதா என்பதில் ஆய்வாளர்களிடையே இரண்டு விளக்கமும் உண்டு. தற்செயலாக மரபணு விகிதம் மாறுவதை மரபணு நகர்வு என்பார்கள். அழகான காரணம் ஒன்று தோன்றிவிட்டது என்பதற்காகத் தேர்வு என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்குக் கருஞ்சிறுத்தை நல்ல உதாரணம்.

8. வாக்கியங்களைச் சரிபாருங்கள்

பரிணாமத்தில் தவறு பெரும்பாலும் வினைச்சொல்லில் ஒளிந்திருக்கிறது. நோட்டில் நீங்கள் எழுதியதை எடுத்து வாக்கியம் வாக்கியமாகப் பாருங்கள்.

‘கொசு மருந்துக்குப் பழகிவிட்டது’ என்று எழுதியிருந்தால் அடியுங்கள். எந்தத் தனிக் கொசுவும் பழகவில்லை. ‘கொசுக்கூட்டத்தில் தாங்கும் கொசுக்களின் பங்கு கூடியது’ என்று எழுதுங்கள். ‘உயரத்தில் இருந்த இலைக்காக ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டியது’ என்ற வரியை ஒரு டியூஷன் நிலையத்தின் குறிப்பில் அச்சிட்டே பார்த்தேன், அதற்குக் காசும் வாங்கினார்கள். நீட்டிய கழுத்து பிள்ளைக்குப் போகாது. ‘தேவைப்பட்டதால் தோன்றியது’ என்பதும் அதே வகை. தேவைக்கும் மரபணு மாற்றத்துக்கும் சம்பந்தமில்லை.

‘மனிதன் குரங்கிலிருந்து வந்தான்’ என்பதை இப்படித் திருத்துங்கள்: இன்றைய கெராவும் நாமும் பங்காளிகள், ஒரே தாத்தாவின் வழி வந்த இரண்டு கிளைகள். அந்த மூதாதை சுமார் 2.5 கோடி முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது, அது கெராவும் அல்ல. சிம்பன்சியோடு நாம் பிரிந்தது சுமார் 60, 70 லட்சம் ஆண்டுக்கு முன்.

தசாவதாரம் பரிணாமத்தைத்தான் சொல்கிறது என்ற வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் கட்டாயம் வரும். மீன், ஆமை, பன்றி என்று ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறும் வரிசை அது. உயிரியல் சொல்வது கிளைக்கும் மரம். மீன்கள் இன்னும் இருக்கின்றன, அவையும் நம் அளவுக்கே நீண்ட காலம் மாறி வந்தவை. ‘கீழ்நிலை உயிர்’, ‘மேல்நிலை உயிர்’ என்று நோட்டில் எங்கே எழுதியிருந்தாலும் அடித்துவிடுங்கள். செய்தி அனுப்பிய மாமாவிடம் சண்டை போட வேண்டாம்.

9. அனுமதி, கடிதம், நேரம்

படம் எடுப்பதற்கும் குறிப்பு எழுதுவதற்கும் பொதுப் பாதைகளில் அனுமதி வேண்டியதில்லை. எதையாவது எடுத்துக்கொண்டு வரத் தோன்றும்போதுதான் சட்டம் குறுக்கே வரும். பாதுகாக்கப்பட்ட விலங்கைப் பிடிப்பதோ வைத்திருப்பதோ 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். அதற்கு உரிமம் தருவது பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறை. நிரந்தரக் காப்புக்காட்டிலிருந்து செடியை எடுப்பதற்கு 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம் பொருந்தும், அதற்கு வனத்துறை. மரபணு ஆய்வுக்கு மாதிரி அனுப்பும் எண்ணம் இருந்தால் 2017-ஆம் ஆண்டின் உயிரியல் வளங்கள் சட்டமும் சேரும். புதியவருக்கு இதில் ஒன்றுமே தேவைப்படாது. சந்தையும் கீழே விழுந்த இலையும் கைப்பேசியும் போதும்.

தமிழ்ப்பள்ளி மாணவர்களைக் கூட்டிப் போகும் ஆசிரியர் என்றால் கணக்கு வேறு. பெற்றோரின் சம்மதக் கடிதம், மாணவர் பெயர்ப் பட்டியல், பேருந்து விவரம் எல்லாம் சேர்த்துப் பள்ளி வழியாகக் கல்வி அலுவலகத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். கொடிமலையில் குழுவாகப் போவதானால் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள், பிள்ளைகள் மைகிட்டை மறந்துவிட்டு வராமல் முந்தைய நாளே நினைவூட்டுங்கள்.

முழுச் சுற்றுக்கும் இரண்டு மாதம் ஒதுக்குங்கள், வாரத்துக்கு ஒரு காலை. சந்தைக்கும் அடுக்குகளுக்கும் முதல் மூன்று வாரம், தண்ணீர்மலைக்கு இரண்டு மூன்று தடவை, கொடிமலைக்கு ஒரு நாள், மீதி நான்கு கேள்விகளுக்கு. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு, மலைக்கு அதுவே நல்ல காலம். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மதியத்துக்கு மேல் கொட்டித் தீர்க்கும். அந்த மாதங்களில்தான் உங்களுக்கு நேரம் என்றால் வெளி வேலையைக் காலை பதினொரு மணிக்குள் முடித்துவிட்டு, மதியம் வீட்டிலிருந்து எட்டாம் படியைச் செய்யுங்கள்.